கார் ஹீட்டர், ஏசி வெப்பநிலை சென்சார்களைச் சோதிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. வருகிற வண்டிகளில் பலவற்றில் ஏற்கெனவே புது சென்சார் மாட்டியிருப்பார்கள், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். அளந்து பார்க்காமலே மாற்றியதுதான் காரணம். சென்சாரைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு தெர்மாமீட்டர், கொஞ்சம் வெந்நீர், கொஞ்சம் ஐஸ் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடலாம்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டரே போடுறதில்லை. அதோட சென்சாரை எதுக்குப் பார்க்கணும்?

ஹீட்டருக்கென்று தனியாக ஒரு சென்சார் கூட்டம் கிடையாது. ஹீட்டருக்கு எவ்வளவு சூடு இருக்கிறது என்று சொல்லும் அதே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சென்சார்தான் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், ரேடியேட்டர் ஃபேனை எப்போது சுழற்ற வேண்டும், சூடு மிஞ்சினால் ஏசி கம்ப்ரஸரை எப்போது நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிக்க உதவுகிறது. ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள வண்டியில், உள்ளே உட்காரும் இடத்தின் வெப்பத்தைப் பார்க்கும் கேபின் சென்சார் சொல்வதைக் கேட்டுத்தான் குளிர்காற்றையும் சூடான காற்றையும் கலக்கும் கதவு திறந்து மூடுகிறது. அந்தச் சென்சார் தப்பாகச் சொன்னால் சித்திரை வெயிலில்கூட ஹீட்டர் பக்கத்துக் காற்று கலந்து வரும். ஏசியில் கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்துக் கேஸ் அடிப்பார்கள், அதனால் எதுவும் மாறாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கவும், கொடைக்கானல் போனால் குளிருக்கும் ஹீட்டர் வேண்டும். ஆண்டு முழுக்கத் தொடாத ஒன்று அன்றைக்கு வேலை செய்யவில்லை என்றால் மலைமேல் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

தெர்மோஸ்டாட்டும் சென்சாரும் ஒன்றுதானே?

இல்லை. கடையில் கேட்டு வாங்கும்போது இந்தக் குழப்பத்தால் தப்பான பொருள் வந்துவிடும். தெர்மோஸ்டாட் என்பது ஒரு வால்வு. அதன் பித்தளைக் குப்பிக்குள் மெழுகு இருக்கும். கூலன்ட் சூடானதும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். பெரும்பாலான வண்டிகளில் இதற்கு மின்சாரமே கிடையாது. சென்சார் என்பது மின்தடை மாறும் ஒரு சிறு துண்டு. அது எதையும் திறக்காது, மூடாது, வண்டியின் கம்ப்யூட்டருக்குச் செய்தி மட்டும் அனுப்பும்.

பழைய வண்டிகளின் ஏசியில் கூலிங் காயிலுக்குள் செருகிய மெல்லிய செம்புக் குழாயோடு ஒரு சுவிட்ச் இருக்கும். அதையும் தெர்மோஸ்டாட் என்றுதான் சொல்வார்கள். ஆகவே வாங்கும்போது எதன் தெர்மோஸ்டாட் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு வண்டியில் இப்படி எத்தனை சென்சார், எங்கெங்கே இருக்கும்?

வண்டிக்கு வண்டி மாறும். கூலன்ட் சென்சார் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் கூட்டிலோ சிலிண்டர் ஹெட்டிலோ இருக்கும். இன்ஜினுக்குள் போகும் காற்றுக்கான சென்சார் ஏர் ஃபில்டருக்குப் பிறகு, பல வண்டிகளில் காற்றழுத்த சென்சாரோடு சேர்ந்தே வரும். ஏசி கூலிங் காயிலில் ஒன்று குத்தியிருக்கும். ஆட்டோமேட்டிக் ஏசி என்றால் டேஷ்போர்டில் சிறு ஜன்னல் போன்ற கிரில்லுக்குப் பின்னால் கேபின் சென்சார், முன் பம்பருக்குப் பின்னால் வெளிக்காற்று சென்சார், முன்கண்ணாடி ஓரத்தில் கரும்பொட்டு போல வெயில் சென்சார் ஆகியவையும் இருக்கும். கையால் திருகும் சாதாரண ஏசியில் இந்தக் கடைசி மூன்றில் பெரும்பாலும் எதுவும் இருக்காது.

சென்சாருக்குள்ளே என்ன நடக்கிறது?

வெயில் சென்சாரைத் தவிர மற்றவை எல்லாம் ஒரே வகை: சூடு ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர். கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள 5 வோல்ட்டை ஒரு நிலையான ரெசிஸ்டர் வழியாக அனுப்பும். சென்சாரின் இரண்டு முனைக்கும் இடையில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்து, அதை வெப்பநிலையாக மாற்றிக்கொள்ளும். குளிரில் தடை அதிகம், வோல்ட்டும் அதிகம். சூட்டில் இரண்டும் குறையும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறு தானாகப் புரிந்துவிடும். ஒயர் அறுந்துவிட்டால் 5 வோல்ட் அப்படியே நிற்கும். கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று படிக்கும், அது படிப்பதைக் காட்டும் ஸ்கேனர் கருவியில் மைனஸ் 40 டிகிரி தெரியும். இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டால் வோல்ட் பூஜ்யமாகும். 130, 140 டிகிரிக்கு மேல் என்று காட்டும். செட்டிநாட்டில் நிற்கிற வண்டி மைனஸ் 40 காட்டினால் சென்சாரைக் கழற்றும் முன்பே ஒயரையும் சாக்கெட்டையும் பாருங்கள்.

கூலன்ட் சென்சாரை எப்படிச் சோதிப்பது? முழுசா சொல்லுங்க.

முதலில் ஒன்று: இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறக்கக் கூடாது, சென்சாரையும் கழற்றக் கூடாது. மூடிக்குள் அழுத்தம் இருப்பதால் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த கணமே பொங்கி முகத்தில் அடிக்கும். இரவு முழுக்க ஆறிய வண்டியில்தான் கை வைக்க வேண்டும். கழற்றும்போது கொஞ்சம் கூலன்ட் கொட்டும், அடியில் ஒரு தட்டு வையுங்கள். அது இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளும் தொடக்கூடும். உடனே கழுவிவிடுங்கள்.

அடுத்து உங்கள் தெர்மாமீட்டர் சரிதானா என்று பாருங்கள். ஐஸை நன்றாக நொறுக்கி, அது நனைகிற அளவு மட்டும் தண்ணீர் விட்டுக் கலக்கினால் அந்தக் கூழ் 0 டிகிரியில் நிற்கும். நம் ஊர் உயரத்தில் கொதிக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட 100. இந்த இரண்டு இடத்திலும் சரியாகக் காட்டினால் நடுவிலும் நம்பலாம். இதே சோதனையைக் கொடைக்கானலில் செய்தால் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். தெர்மாமீட்டர் மேல் பழி போடக் கூடாது.

இப்போது சென்சாரின் இரண்டு பின்னிலும் (மின்முனையிலும்) மல்டிமீட்டர் ஒயரை முதலைக் கிளிப்பால் பிடியுங்கள். விரலால் அழுத்திப் பிடித்தால் உங்கள் உடம்பின் தடையும் கணக்கில் சேரும். சென்சாரின் பித்தளை முனை மட்டும் தண்ணீரில் முங்க வேண்டும், பின் இருக்கும் பக்கம் நனையக் கூடாது. பாத்திரத்தின் அடியையும் அது தொடக் கூடாது, அடிப்பகுதி தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுவது நல்லது.

பலர் அடுப்பில் வைத்துச் சூடு ஏற ஏறப் படிக்கிறார்கள். அது வேகமாக ஏறும். தெர்மாமீட்டர் ஒரு வெப்பநிலையிலும் சென்சார் இன்னொரு வெப்பநிலையிலும் இருக்கும். கொதிக்க வைத்து இறக்கி, கலக்கிவிட்டுக்கொண்டே, ஆற ஆறப் படியுங்கள். இறக்கம் மெதுவாக நடப்பதால் இரண்டும் ஒத்துப்போகும்.

என்ன எண் வர வேண்டும்? நம் சாலைகளில் ஓடும் பல ஜப்பானிய, கொரிய வகைக் கார்களின் கூலன்ட் சென்சார் ஏறக்குறைய இப்படிக் காட்டும்: 0 டிகிரியில் 5.8 கிலோ ஓம், 20 டிகிரியில் 2.3 முதல் 2.6 கிலோ ஓம், 40 டிகிரியில் 1.15 கிலோ ஓம், 60 டிகிரியில் 590 ஓம், 80 டிகிரியில் 320 ஓம். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி, இது பொதுவான அடையாளத்துக்கு மட்டும்.

எண்ணைப் போலவே அது நகரும் விதமும் முக்கியம். தண்ணீர் ஆற ஆறத் தடை வழுக்கினாற்போலச் சீராக ஏற வேண்டும். திடீரென்று தாவினாலோ, சென்சாரை லேசாகத் தட்டும்போது எண் குதித்தாலோ உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. அதை மாற்றத்தான் வேண்டும், நின்ற இடத்தில் சரியான எண் காட்டினாலும் சரி.

அறை வெப்பத்தில் ஒரு தடவை அளந்தேன், சரியாக இருந்தது. போதாதா?

போதாது. சாதாரண வெப்பத்தில் சரியாகவும் 80 டிகிரியில் தப்பாகவும் சொல்லும் சென்சார்கள் உண்டு. வேறு மாடல் வண்டியின் சென்சாரை யாராவது மாட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகும்: திருகு நூல் பொருந்தும், சாக்கெட் பொருந்தும், ஒரு இடத்தில் எண்ணும் பொருந்தும், மேலே போகப் போக விலகும். குறைந்தது மூன்று இடத்தில் பாருங்கள், அதில் ஒன்று 80க்கு அருகில் இருக்கட்டும்.

கழற்றாமலே பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை அதுதான். இரவு முழுக்க நிழலில் நின்ற வண்டியில், விடியற்காலையில், ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு ஸ்கேனரில் பாருங்கள். கூலன்ட், உள்வரும் காற்று, வெளிக்காற்று எல்லாமே ஒரே வெப்பத்துக்கு வந்திருக்கும். எண்களும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒட்டி இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் பத்து டிகிரி தள்ளி நின்றால் அதுதான் சந்தேகத்துக்குரியது. வெயிலில் நின்ற வண்டியில் இதைச் செய்யாதீர்கள். பானெட்டுக்குள் இடத்துக்கு இடம் சூடு வேறுபடும், முடிவு தப்பாக வரும்.

வண்டியின் கம்ப்யூட்டரோடு கருவியை இணைக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகி மொபைலில் பார்க்கும் சிறு கருவியே இதற்குப் போதும். ஆனால் அதில் கூலன்ட்டும் உள்வரும் காற்றும்தான் நிச்சயமாக வரும். கேபின் சென்சார், காயில் சென்சார் எல்லாம் ஏசி கம்ப்யூட்டரோடு இணைந்திருப்பதால், அந்தக் கம்பெனி வண்டிக்கான ஸ்கேனர் தேவைப்படலாம்.

பிறகு சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். மைனஸ் 40 வந்தால் கம்ப்யூட்டர் பக்கம் 5 வோல்ட் வருகிறது என்று பொருள். இரண்டே பின் உள்ள சென்சாரின் சாக்கெட்டில், ஒரு சிறு ஒயரால் இரண்டு முனையையும் இணைத்தால் எண் உச்சிக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் அசைந்தால் ஒயரும் கம்ப்யூட்டரும் ஓரளவு நலம். மூன்று, நான்கு பின் உள்ள சென்சாரில் இப்படி இணைக்க வேண்டாம், எந்தப் பின் எது என்று தெரியாமல் செய்தால் கம்ப்யூட்டரே போய்விடும். கழற்றி வைத்திருக்கும்போது ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழல ஆரம்பித்தால் பயப்படாதீர்கள், சென்சாரை நம்ப முடியாதபோது பல வண்டிகள் பாதுகாப்புக்காக அப்படிச் செய்யும்.

ஸ்கேனரில் கூலன்ட் சென்சாருக்கான கோளாறுக் குறியீடும் வரலாம். பி0117 என்றால் வோல்ட் மிகக் குறைவு, பி0118 என்றால் மிக அதிகம். இந்த இரண்டும் பெரும்பாலும் ஒயர் சம்பந்தப்பட்ட கதை. பி0116 என்றால் எண் நம்பும்படி இல்லை. பி0128 வந்தால் இன்ஜின் எதிர்பார்த்த சூட்டுக்கு வரவில்லை. முதலில் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்.

சென்சார் தண்ணீர்ச் சோதனையில் பாஸ். வண்டியில் மாட்டினால் சூடு குறைத்துக் காட்டுது. எப்படி?

இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும், நம் பக்கத்தில் அதிகம் ஏமாற்றுகிற கோளாறு இதுதான்.

சாக்கெட்டின் பின்னில் பச்சை பூத்திருக்கும், அல்லது பின் தளர்ந்திருக்கும். அந்த இடத்தில் 100 ஓம் கூடுதல் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் சென்சாரின் சொந்தத் தடையே 2450 ஓம் இருக்கும்போது இந்த 100 ஒரு பொருட்டில்லை. எண் ஒரு டிகிரி மட்டும் குறையும். காலையில் செய்யும் சோதனையில் எல்லாம் நன்றாகவே தெரியும். ஆனால் 80 டிகிரியில் சென்சாரின் தடை 320 ஓம்தான். அதோடு 100 சேர்ந்தால் 420. கம்ப்யூட்டர் அதை 71 டிகிரி என்று படிக்கும். ஒன்பது டிகிரி பிசகு. இன்னும் சூடேறினால் பிசகும் இன்னும் பெருகும்.

அதாவது இன்ஜின் உண்மையில் கொதிநிலையை நெருங்கும்போது கம்ப்யூட்டர் இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஃபேன் தாமதமாகச் சுழலும். டேஷ்போர்டு முள்ளும் நடுவிலேயே நிற்கும், பல வண்டிகளில் அந்த முள்ளும் இதே சென்சாரை நம்பித்தான் நகர்கிறது. ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போன பிறகுதான் வண்டி நிற்கும். பின்னைச் சுத்தம் செய்து, அதன் பிடியை இறுக்கிவிட்டால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இன்ஜின் வேலையில் போய் முடிகிறது. இதனால்தான் சாக்கெட்டைப் பாருங்கள், சாக்கெட்டைப் பாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது? இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சென்சாரின் பின்னிலேயே எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று சாக்கெட்டைக் கழற்றாமல் பின்பக்கமாக ஊசி முனையால் அளக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் சாக்கெட்டில் அதே இரண்டு ஒயருக்கும் இடையில் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒயர் நலம். வித்தியாசம் வந்தால் வழியில் எங்கோ வோல்ட் தங்குகிறது. எர்த் ஒயரையும் மறக்காதீர்கள், பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

இங்கே இன்னொன்றும் உண்டு. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் திறக்கும் பெரிய வீடுகள் இங்கே ஏராளம். அந்த வீட்டு வண்டிகளில் எலி ஒயரைக் கடித்திருக்கும். முழுதாக அறுந்திருந்தால் உடனே தெரியும்; ஒரு பக்கம் மட்டும் கடித்து இரண்டு மூன்று இழை மிச்சமிருந்தால் ஆட்டத்தில் எண் ஏறி இறங்கும். ஊருக்கு வந்ததும் வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து ஒயர் முழுக்க ஒரு பார்வை பாருங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனி பாத யாத்திரைக்குத் துணையாகப் போகும் வேன் ஊர்ந்து போனால் சூடேறுது. ஹைவேயில் ஒண்ணும் இல்லை.

குன்றக்குடி தாண்டி, நத்தம் வழியாகக் காவடிக்குப் பின்னால் நடை வேகத்தில் மணிக்கணக்காகப் போகும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது. முழுப் பொறுப்பும் ரேடியேட்டர் ஃபேன் மேல் விழுகிறது. ஹைவேயில் ஓடும்போது ஃபேனே சுழலாவிட்டாலும் காற்று காப்பாற்றிவிடும், அதனால் கோளாறு மறைந்தே இருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால், ஏசியை நிறுத்திவிட்டு வண்டியை நின்ற இடத்தில் ஓடவிட்டு ஸ்கேனரில் கூலன்ட் எண்ணைப் பாருங்கள். ஏசி போட்டால் ஃபேன் எப்படியும் சுழலும், சோதனை வீணாகும். பல வண்டிகளில் 95 முதல் 100 டிகிரிக்குள் ஃபேன் சுழன்று, சில டிகிரி இறங்கியதும் நிற்க வேண்டும். அதே நேரம் தெர்மோஸ்டாட் கூட்டின் வெப்பத்தை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்த்து ஒப்பிடுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்; கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். ஸ்கேனர் 90 என்று சொல்லும்போது டேப் மேல் 100க்கு மேல் வந்தால், முந்தைய பதிலில் சொன்ன கூடுதல் தடையைத் தேடுங்கள்.

நம்ம ஊருக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை, கழற்றிப் போடுங்கன்னு சொல்றாங்களே?

கேட்காதீர்கள். வெளியே 40 டிகிரி வெயில் என்றாலும் இன்ஜினுக்கு வேண்டியது 90ஐ ஒட்டிய வெப்பம். வால்வைக் கழற்றினால் இன்ஜின் சூடாக நேரம் பிடிக்கும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கிக் கசடு சேரும், ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். சில இன்ஜின்களில் அந்த வால்வு திறக்கும்போது அடிப்பக்கத்துத் தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். கூலன்ட் பாதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், வண்டி முன்னைவிடச் சூடாகும். சூடு ஏறுகிறதே என்று கழற்றியவர்களுக்கு இது பெரிய கொடுமை.

சோதிப்பது எளிது. வால்வின் மேலேயே 82 அல்லது 88 என்று திறக்கும் வெப்பம் பொறித்திருக்கும். ஒரு குண்டானில் தண்ணீர் வைத்து, வால்வு மூடியிருக்கும் வாயில் ஒரு நூலைச் செருகித் தொங்கவிடுங்கள். சூடேறி வாய் திறந்ததும் வால்வு நூலைவிட்டு விழும். விழுந்த கணத்தில் தெர்மாமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் இருக்கலாம். கொதிக்கும் தண்ணீரில் 8 மில்லிமீட்டர் அளவுக்காவது அகலத் திறக்க வேண்டும், ஆறியதும் முழுக்க மூட வேண்டும்.

கழற்றாமல் பார்க்க வேண்டுமென்றால், காலையில் ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸை, ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு தொட்டுப் பாருங்கள். வால்வு திறக்கும்வரை ஆறியே இருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது.

சென்சார் சரி, தெர்மோஸ்டாட் சரி. ஹீட்டரில் மட்டும் சூடு வரலை.

டேஷ்போர்டுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் தொடுங்கள். இரண்டும் நல்ல சூடு என்றால் காற்றைக் கலக்கும் கதவோ அதன் மோட்டாரோ, கேபிளோ அசையவில்லை. ஒன்று சூடு, ஒன்று ஆறியிருந்தால் ஹீட்டர் கோர் (காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) அடைத்திருக்கிறது. சில வண்டிகளில் வழியில் ஒரு வால்வும் இருக்கும். இரண்டுமே ஆறியிருந்தால் கூலன்ட் குறைவு அல்லது உள்ளே காற்று.

அடைப்புக்கு இங்கே பெரிய காரணம் போர் தண்ணீர். அதிலுள்ள உப்பு, சூடான இடத்தில் வெள்ளையாகப் படியும். ஹீட்டர் கோரின் குழாய்கள் மெல்லியவை, முதலில் அடைபடுவது அதுதான். சென்சார் முனையிலும் இதே படிவம் போர்வை போல மூடிக்கொண்டால் அது உண்மைச் சூட்டைத் தாமதமாகச் சொல்லும். ஊருணித் தண்ணீர் மழைத்தண்ணீர், உப்பில்லை என்பார்கள். அதிலும் வண்டலும் மற்றவையும் உண்டு. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சேர்ந்த கலவைதான் ஊற்ற வேண்டும்.

கூலன்ட் உறைவதைத் தடுக்கத்தானே, நமக்கெதற்கு என்றும் கேட்கிறார்கள். அது கொதிநிலையையும் உயர்த்துகிறது, அரிப்பையும் தடுக்கிறது. அலுமினியம், பித்தளை, இரும்பு மூன்றும் ஒரே உப்புத்தண்ணீரில் நனைந்தால் அதுவே ஒரு பேட்டரி. ஒரு உலோகம் கரைந்துகொண்டே போகும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் நம் காரைக்குடியில்தான் இந்த உலோக அரிமானத்தை ஆராய்கிறது. அதே ஊரில் ரேடியேட்டருக்குள் போர் தண்ணீர் ஊற்றுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆட்டோமேட்டிக் ஏசியில் 24 வைத்தால் சில நேரம் உறையுது, சில நேரம் புழுங்குது.

கேபின் சென்சார் தானாகக் காற்றை உணராது. டேஷ்போர்டு கிரில் வழியாகக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்து அதன் மேல் செலுத்துவார்கள், சிறு ஃபேனாலோ ப்ளோயரோடு இணைந்த குழாயாலோ. நம் செம்மண் புழுதி அந்த கிரில்லை அடைத்துவிடும். அப்போது சென்சார் அறிவது டேஷ்போர்டின் சூடு, அறைக் காற்றின் சூடு இல்லை. ப்ளோயரை வேகமாக வைத்து, ஒரு சிறு டிஷ்யூ தாளை கிரில் முன் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுவை இருக்கிறது. விழுந்தால் குழாய் கழன்றதா, புழுதியா என்று பாருங்கள். இழுவை சரியாக இருந்த பிறகே சென்சாரின் ஓம் அளவைப் பார்க்க வேண்டும். இவற்றின் எண் கம்பெனிக்குக் கம்பெனி வெகுவாக மாறும், 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருப்பதும் உண்டு, 30 கிலோ ஓம் இருப்பதும் உண்டு. கையேடு கிடைக்காவிட்டால் அதே பார்ட் நம்பர் உள்ள புதியதையும் பழையதையும் அருகருகே வைத்து ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடுங்கள்.

நீண்ட தூரம் போனால் ஏசி காற்றே நின்றுவிடுது, கொஞ்ச நேரம் அணைத்தால் திரும்ப வருது.

கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காயில் வெப்பம் உறைநிலையை நெருங்கும்போது கம்ப்ரஸரை நிறுத்தச் சொல்வது காயில் சென்சாரின் வேலை. அது சூடாக இருக்கிறது என்று பொய் சொன்னால் கம்ப்ரஸர் நிற்காது, காயில் முழுக்க ஐஸ் மூடிக் காற்று போகாது. அணைத்ததும் வண்டிக்கடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டும். அடைத்த கேபின் ஃபில்டரும் இதையே செய்யும் என்பதால் முதலில் அதைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். பிறகு சென்சாரை ஐஸ் கூழில் வைத்து அளக்கலாம். பல நேரம் சென்சார் நலமாக இருந்து, காயிலிலிருந்து அதன் முனை நழுவி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும்.

வெளி வெப்பம் 48 என்று காட்டுது. உண்மையா?

வெயிலில் நின்ற வண்டியில் பம்பரும் தரையும் சூடேறிய அளவு அது. ஓட ஆரம்பித்து காற்று பட்ட பிறகே நம்புங்கள். பல வண்டிகள் வேகம் வந்த பிறகுதான் எண்ணைப் புதுப்பிக்கும்.

வெயில் சென்சாரை மல்டிமீட்டரில் அளந்தால் ஒன்றும் வரவில்லை.

அது வெப்பத்தை அளப்பதில்லை, வெளிச்சத்தை உணரும் போட்டோ டையோடு. ஒர்க்‌ஷாப் ட்யூப்லைட்டில் அது இருட்டில் இருப்பது போலவே நடந்துகொள்ளும். வெயிலில் வைத்து, துணியால் மூடியும் திறந்தும் எண் மாறுகிறதா என்று பாருங்கள்.

புது சென்சார் மாட்டும்போது எதைக் கவனிக்கணும்?

பழைய வண்டிகளில் டேஷ்போர்டு முள்ளுக்கு ஒரே ஒயர் உள்ள சென்சார் இருக்கும். அதன் எர்த் அந்தத் திருகு நூல் வழியாகவே இன்ஜினுக்குப் போகிறது. டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் எர்த் போய்விடும், முள் எழும்பாது. இரண்டு பின் சென்சாருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வாஷரோ ஓ ரிங்கோ புதிதாகப் போட்டு, அளவோடு இறுக்குங்கள், பிளாஸ்டிக் கூடு சட்டென்று வெடிக்கும். மாட்டிய பிறகு கூலன்ட் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். சென்சார் முனையில் காற்றுக்குமிழி நின்றால் புது சென்சாரும் தப்பாகவே சொல்லும்.

மலை ஏறும்போது சூடு மிஞ்சினால் ஹீட்டரைப் போடச் சொல்றாங்க, சரியா?

அவசரத்துக்குச் சரி. ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோயரை முழு வேகத்திலும் வைத்தால் ஹீட்டர் கோரும் ஒரு சின்ன ரேடியேட்டராக வேலை செய்யும். பாதுகாப்பான இடம் வரும்வரை அது தாங்கும். கூலன்ட் ஒழுகிப் போயிருந்தால் அதுவும் உதவாது, உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

எலக்ட்ரிக் காரிலும் இதே முறைதானா?

சென்சார் அதே தெர்மிஸ்டர் வகைதான். ஆனால் ஹீட்டருக்குப் பேட்டரியின் உயர் வோல்ட்டே வருகிறது. ஆரஞ்சு நிற ஒயர் தெரியும் இடத்தில் கை வைக்க வேண்டாம், மல்டிமீட்டரும் வேண்டாம். அதற்கான பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் சென்சாரை வாங்கலாமா?

பார்ட் நம்பர் தெளிவாகத் தெரிந்து, உங்கள் வண்டியின் நம்பரோடு ஒத்துப்போனால் வாங்கலாம். வாங்கியதும் மாட்டாதீர்கள். மேலே சொன்னபடி ஐஸ் கூழிலும், அறை வெப்பத்திலும், ஆறும் வெந்நீரில் 80லும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய சென்சாருக்கும் இதையே செய்யச் சொல்வேன், பெட்டியில் வருவது எல்லாம் சரியாக இருப்பதில்லை. அந்தச் சீட்டை வண்டிப் புத்தகத்துக்குள் வைத்தால் அடுத்து வேலை பார்க்கும் மெக்கானிக்குக்கும் பயன்படும்.